மெக்சிகோ பாட்டு கேட்க எது தேவலை: ஆப்பா, உருண்டையா, நிலையமா?

நான் இருப்பது அமெரிக்காவின் வட மாநிலமான மினசோட்டாவில். எனக்குக் கிட்ட இருக்கும் எல்லை கனடா எல்லை. மெக்சிகோ எல்லையைத் தொட டெக்சஸ் முழுக்கக் கடந்து போகவேண்டும். அதனால் அந்த ஊர்ப் பாட்டு எனக்கு வந்து சேர்ந்ததெல்லாம் நெட் வழியாகத்தான், ஒரு குளிர்காலம் பூரா மூன்று வழிகளையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தேன்.

முதலில் பாட்டு ஆப். ஒலி சுத்தம், பாட்டின் பெயர் திரையிலேயே வரும், அவ்வளவுதான். அக்கார்டியன் வைத்த வடபகுதி நோர்தேன்யோ, டியூபா என்ற பெரிய ஊதுகுழல் அதிரும் சினலோவா மாநிலத்து பாண்டா, வயலினும் டிரம்பெட்டும் சேரும் மரியாச்சி எல்லாவற்றையும் 'ரெஹியோனால் மெக்சிகானோ' (மெக்சிகோ வட்டாரப் பாட்டு) என்று ஒரே மூட்டையாகக் கட்டித் தருவார்கள். எது எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்ல ஆள் கிடையாது.

அடுத்து ரேடியோ கார்டன் என்ற இணையதளம். 2016-ல் நெதர்லாந்தில் தொடங்கியது. பூமி உருண்டையைச் சுற்றிப் பச்சைப் புள்ளியில் நிறுத்தினால் அந்த ஊர் ரேடியோ பாடும். ஆரம்பிப்பவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் பழைய பெருமையை நம்பி நிலையம் தேடாதீர்கள்: புகழ்பெற்ற பாடகர், பாடலாசிரியர் அகுஸ்தின் லாரா பாடிய, 1930-ல் பிறந்த எக்ஸ்.இ.டபிள்யூ. (XEW) என்ற மெக்சிகோ நகர வானொலியில் இன்று பெரும்பாலும் செய்தியும் பேச்சும்தான்.

என் ஓட்டு மூன்றாவதற்கு, அதாவது நிலையத்தின் சொந்த ஸ்ட்ரீமுக்கு. சான் லூயிஸ் பொத்தோசி மாநிலத்தில் 'லா வோஸ் தே லாஸ் வாஸ்தேகாஸ்' என்று பழங்குடிகளுக்கான அரசு வானொலி ஒன்று இருக்கிறது. ஸ்பானிஷோடு நாவாட், தேனெக், பாமே மொழிகளிலும் பேசுவார்கள். அங்கேதான் எனக்கு வாபாங்கோ என்ற அந்த வட்டார நாட்டுப்புறப் பாட்டு பிடிபட்டது: ஒரு வயலின், ஹரானா என்ற சின்ன கிதார், வாபாங்கேரா என்ற பெரிய கிதார், மூன்றே வாத்தியம், பாடுகிறவர் வரியின் நடுவே சட்டென்று கள்ளக்குரலுக்கு (உச்சத்துப் பொய்க்குரல்) தாவி இறங்குவார், முதல் தடவை கேட்டபோது ஸ்பீக்கர்தான் கோளாறோ என்று நினைத்தேன். பாட்டைப் பெயர் கண்டுபிடிக்கும் ஆப்பிடம் காட்டினால் பாதி நேரம் கைவிரித்துவிடும். சரி, அறிவிப்பாளர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான், அந்தச் சாக்கில் ஊர்ப் பெயர்களும் கொஞ்சம் பழகின.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. ஞாயிறு இரவு 10 மணிக்கு ரேடியோவைத் திறந்தால் மெக்சிகோவில் பெரும்பாலும் எந்தப் புள்ளியைத் தொட்டாலும் ஒரே நிகழ்ச்சி: 1937-லிருந்து ஓடும் அரசின் 'லா ஓரா நாசியோனல்'. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் 'கோடை நேரத்தை' மெக்சிகோவின் பெரும்பகுதி 2022-ல் கைவிட்டதாலும் மினசோட்டாவில் அது தொடர்வதாலும் கோடையில் எனக்கு அது 11 மணி. அந்த ஒரு மணி நேரம் மட்டும் ஆப்புக்குத் திரும்பிவிடுவேன்.