நான்கு வருடமாக ஓடும் ஸ்டேக்: நண்பன் கேட்டதற்குப் பதில்

"புது யூனிட்டுக்கு ஸ்விட்ச் வாங்கணும். ஸ்டேக் பண்ணலாமாடா, தனித்தனியா போட்டுக்கலாமா?" என்று கல்லூரி நண்பன் கேட்டான். கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்ச் பலவற்றைக் கேபிளால் கோத்து, ஒரே ஸ்விட்ச் போல ஓட்டுவதுதான் ஸ்டேக். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் நெட்வொர்க் என் பொறுப்பு. 48 போர்ட் ஸ்விட்ச் நான்கு, ஒரே ஸ்டேக்காக ஓடுகின்றன. நிர்வகிக்க ஒரே ஐபி. வி-லேன் (ஒரே நெட்வொர்க்கைத் தனிப் பிரிவுகளாகப் பிரிப்பது) ஒரு தடவை போட்டால் நான்கிலும் வந்துவிடும். இந்தச் சுகம் பழகிவிட்டால் தனித்தனியாக லாகின் செய்ய மனம் வராது. சர்வருக்கு இரண்டு கேபிள் இழுத்து, ஒன்றை முதல் ஸ்விட்சிலும் இன்னொன்றை மூன்றாவதிலும் செருகி, எல்ஏசிபியில் (பல கேபிளை ஒரே இணைப்பாக்கும் முறை) ஒன்றாகக் கட்டியிருந்தேன். போன ஐப்பசி மழையில் மூன்றாவதன் பவர் சப்ளை போனது. அதில் இருந்த கம்ப்யூட்டர்கள் நின்றன, ஆனால் சர்வர் நிற்கவில்லை. அவசரமானவற்றை மற்ற ஸ்விட்சுகளில் காலியாக இருந்த போர்ட்டுகளுக்கு மாற்றினேன். டிஸ்பாட்ச் தொடர்ந்தது.

மாற்று ஸ்விட்ச் வந்தபோதுதான் கோபம் வந்தது. மாடல் அதே, ஃபர்ம்வேர் (ஸ்விட்சுக்குள் ஓடும் மென்பொருள்) பழையது. பவரை அணைத்து வைத்தே ஸ்டேக் கேபிளை மாட்டி, பிறகுதான் ஆன் செய்தேன். பட்டியலில் தெரிந்தது, கூடவே 'வெர்ஷன் பொருந்தவில்லை' என்ற வரியும். 48 போர்ட்டில் ஒன்றுகூட உயிர் பெறவில்லை. தானாக ஃபர்ம்வேரைச் சரிசெய்துகொள்ளும் வசதி இருப்பதாகத்தான் சொல்லி விற்றார்கள். அது நடக்கவில்லை. கழற்றி, ஸ்விட்சோடு நேரடியாகப் பேச உதவும் கன்சோல் கேபிள் போட்டு, பென்டிரைவிலிருந்து ஏற்றி முடிக்க இரவு பதினொன்றாகிவிட்டது. அப்புறம் ஸ்டேக்கில் அதன் இடத்தைக் குறிக்கும் மெம்பர் எண்ணை மூன்று என்று மாற்றி மறுபடி சேர்த்தேன். பழைய ஸ்விட்சின் போர்ட் பெயர், வி-லேன் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்தன. நான் ஒரு வரி அடிக்கவில்லை. அந்த நிமிடம் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

ஆனாலும் ஃபர்ம்வேர் தொல்லை அதோடு முடியவில்லை. பாதுகாப்பு அப்டேட் வந்தால் மொத்த ஸ்டேக்கும் ரீபூட் ஆக வேண்டும். 192 போர்ட்டும் ஒன்றாகப் போகும். நைட் ஷிஃப்ட் ஓடும் இடத்தில் ஞாயிறு தவிர நேரமே கிடையாது. சில மாடல்களில் இந்த இடைவெளியைக் குறைக்க வழி உண்டு. நாங்கள் வாங்கியதில் இல்லை.

வாங்குமுன் கேபிள் நீளத்தையும் பார். சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300-இல் ஸ்டேக் கேபிள் பின்பக்கம், தனி வகை. ஸ்டேக்குக்குள் வேகம் 480 ஜிபிபிஎஸ், எட்டு ஸ்விட்ச் வரை சேர்க்கலாம். ஆனால் கேபிள் அரை மீட்டர், ஒரு மீட்டர், மூன்று மீட்டரில்தான் வரும், ஒரே ரேக்குக்கு அது போதும். அருபா 2930எஃப், சிஎக்ஸ் 6300 எல்லாம் முன்பக்க போர்ட்டிலேயே ஸ்டேக் ஆகும். ஃபைபர் போட்டால் வேறு மாடியில் இருக்கும் ஸ்விட்சையும் சேர்க்கலாம். ஜூனிப்பரில் விர்ச்சுவல் சேஸி என்ற பெயரில் வரும் ஸ்டேக்கும் பல மாடல்களில் அப்படித்தான். அப்லிங்க்குக்கு (மைய ஸ்விட்சுக்குப் போகும் இணைப்பு) வைத்திருந்த போர்ட் அதில் போய்விடும், அவ்வளவுதான். உன் யூனிட் மூன்று மாடி என்பதால் எனக்கு இரண்டாவது வகையே சரியாகப் படுகிறது. எதை வாங்கினாலும் கேபிளை வளையமாக மூடு. ஒன்று அறுந்தாலும் ஸ்டேக் இரண்டாகப் பிரியாது.

சரி, என் முடிவு. ஆட்கள் உட்காரும் தளங்களுக்குத் தயங்காமல் ஸ்டேக் போடு. சர்வர் சேரும் மையத்துக்கு மட்டும் வேண்டாம். அந்த மழை நாளில் என்னைக் காப்பாற்றியது ஸ்டேக்தான், இருந்தும் சொல்கிறேன். அங்கே எம்சி-லேக் செய்யும், அதாவது தனித்தனியாக ஓடினாலும் சர்வரின் இரண்டு கேபிளையும் ஒரே இணைப்பாக ஏற்கும், ஸ்விட்ச் இரண்டை வை. எல்ஏசிபி அப்படியே கிடைக்கும், ஒன்றை அப்டேட் செய்யும்போது மற்றது ஓடும்.

நான் ஐந்தாவதாக ஒரு ஸ்விட்ச் கேட்டிருக்கிறேன், உதிரியாக அலமாரியில் வைக்க. ஸ்டேக்குக்கு ஃபர்ம்வேர் ஏற்றும் அதே ஞாயிறு அதற்கும் ஏற்றிவிடுவேன்.