குறைமாதக் குழந்தைக்கு உதவி என்று வாட்ஸ்அப்பில் வந்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். வெட்கம்தான், வேறென்ன. அப்படி வந்த ஒரு மோசடியில் போனது என் 300 சிங்கப்பூர் வெள்ளி மட்டும் என்றால் தலையெழுத்து என்று வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆனால் 27 பேரிடம் என் பேரைச் சொல்லி 1,460 வெள்ளி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதில் பாதிப் பேர் ஊரிலிருந்து வேலைக்கு வந்து தொழிலாளர் தங்கும் விடுதியில் இருக்கும் தம்பிகள், ஊருக்கு அனுப்பியது போக மிச்சத்தில் பத்தும் இருபதுமாகக் கொடுத்தவர்கள்.

ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக் ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படமும் ஒரு வாய்ஸ் மெசேஜும் வந்தது. முதலில் யார் போட்டது என்று இன்றுவரை தெரியவில்லை, கேட்டால் எல்லாரும் ‘எனக்கு வந்தது, அனுப்பினேன்’ என்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு, அழுகை. கப்பல் பட்டறையில் வேலையாம், மனைவி விசிட் பாஸில் வந்திருந்தாளாம், 28 வாரத்திலேயே வலி கண்டு குழந்தை பிறந்துவிட்டதாம், எடை 950 கிராம், இன்ஷூரன்ஸ் ஒன்றும் கிடையாது, இன்று ராத்திரிக்குள் டெபாசிட் கட்டாவிட்டால் வென்டிலேட்டரை எடுத்துவிடுவார்களாம். கீழே ஒரு பேநவ் எண், அதாவது போன் நம்பரை வைத்தே பேங்குக்குப் பணம் அனுப்புகிற வசதி.

மற்றவர்கள் கைகூப்பும் படம் போட்டுவிட்டுப் போனார்கள். நான் போகவில்லை. என் மகள் 31 வாரத்தில் கேகே மருத்துவமனையில் பிறந்தவள், 1.4 கிலோ. முழங்கை வரை கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு இன்குபேட்டரின் ஓட்டைக்குள் கையை விட்டால், என் சுண்டுவிரல் நகத்தை மட்டும் பிடித்துக்கொள்ளத்தான் அவள் கை போதும். மானிட்டர் அடிக்கிற அந்த பீப் சத்தம் ஆறு வருஷம் கழித்தும் சில நாள் தூக்கத்தில் கேட்கும். அந்த வாய்ஸ் மெசேஜில் பின்னால் அதே சத்தம் கேட்டது. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறான் பாருங்கள்.

உடனே போன் போட்டேன். ‘அக்கா, ஒங்க கால்ல விழுறேன் அக்கா’ என்றான். பேநவில் எண்ணைத் தட்டினால் வேறு யாரோ ஒருவர் பெயர் காட்டியது. கேட்டதற்கு, அது சூப்பர்வைசர் நம்பர், தனக்கு பேநவ் இன்னும் செட் ஆகவில்லை என்றான். சரி, புதிதாக வந்த பையனாக இருக்கும் என்று நானே அவனுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கே 900 வெள்ளி அனுப்பியாயிற்று.

இரண்டு நாள் கழித்து, நுரையீரலுக்கு ஏதோ ஊசியாம், வெளியே பார்மசியில் வாங்கி வரச் சொன்னார்களாம், 860 வெள்ளி. அதையும் அனுப்பினேன். இங்கேதான் எனக்கு உறைத்திருக்க வேண்டும். குறைமாதக் குழந்தையின் நுரையீரலுக்குக் கொடுக்கும் சர்பாக்டன்ட் என்ற மருந்து ஊசியே இல்லை, மூச்சுக்குழாய் வழியாக உள்ளே விடுவார்கள். என் மகளுக்கே கொடுத்தார்கள். அது மருத்துவமனையிலேயே இருக்கும், அப்பாவிடம் சீட்டு எழுதிக் கொடுத்துக் கடைக்கு விரட்டுவதெல்லாம் ஊரில் நடப்பது. ஊர்க் கதையை அப்படியே கொண்டுவந்து சிங்கப்பூரில் ஓட்டியிருக்கிறான், நானும் ஊர்ப் பழக்கத்தில் தலையாட்டியிருக்கிறேன்.

ஐந்தாம் நாள், கண் ஆபரேஷனுக்கு 2,000 வேண்டும் என்றான். அப்போதுதான் பொறி தட்டியது. குறைமாதக் குழந்தைகளுக்குக் கண்ணில் விழித்திரைப் பிரச்சினை வரும், உண்மைதான், ஆனால் அதைப் பார்க்கிற பரிசோதனையே பிறந்து சில வாரம் கழித்துத்தான். என் மகளுக்கு நாலு வாரம் ஆனபோதுதான் பார்த்தார்கள். பிறந்து ஐந்து நாள் ஆன பிள்ளைக்கு என்ன கண் ஆபரேஷன்?

அன்று ராத்திரி எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். படத்தில் இருந்த குழந்தைக்குக் கன்னம் உப்பலாக இருக்கிறது! 28 வாரத்துப் பிள்ளையின் தோல் சிவந்து, மெல்லிசாக, உள்ளே நரம்பு தெரியும். கொழுப்பே சேர்ந்திருக்காது. மூக்கில் குழாய்கூட இல்லாமல் தூங்குகிறது அது. அப்புறம் அவன் அனுப்பியிருந்த மருத்துவமனை பில். மருத்துவமனை முத்திரை எல்லாம் அச்சு அசலாக இருந்தது, ஆனால் ஜிஎஸ்டி 7 சதவீதம் என்று போட்டிருந்தான். 2023இல் 8 ஆகி, 2024 ஜனவரியிலிருந்து 9 ஆகிவிட்டது. யாரோ ஒருவருடைய பழைய பில்லில் பெயரையும் தேதியையும் மாற்றியிருக்கிறான். தினமும் ஆபீஸில் இன்வாய்ஸ் பார்க்கிற எனக்கு அது கண்ணில் படவில்லை.

எந்த வார்டு, உங்கள் மெடிக்கல் சோஷியல் வொர்க்கர் (பணம் கட்ட முடியாத குடும்பங்களுக்கு மருத்துவமனையில் உதவுபவர்) பெயர் என்ன, நான் அவரிடம் பேசுகிறேன் என்று மெசேஜ் போட்டேன். நீல டிக் விழுந்தது. பத்து நிமிஷத்தில் முகப்புப் படம் காணாமல் போனது.

பேங்குக்கும் மோசடி உதவி எண் 1799க்கும் போன் செய்தேன், போலீஸ் ரிப்போர்ட்டும் கொடுத்தேன். பணம் போன கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. கணக்குக்காரர் யாரிடமோ தன் கணக்கைக் கொடுத்துவிட்டவராக இருக்கலாம் என்றார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டி வசூல் செய்வதற்கே லைசென்ஸ் வேண்டும் என்பதும் அங்கேதான் காதில் விழுந்தது. நல்லவேளை, எனக்குத் தெரிந்தவர்களிடம் மட்டும் கேட்டிருந்தேன்.

இப்போது உங்களுக்கு. இந்த மாதிரி குடும்பங்கள் நிஜமாகவே இருக்கின்றன, அதனால் யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். வெளிநாட்டவருக்கு மானியம் கிடையாது, டெபாசிட்டும் கேட்பார்கள், பிள்ளை வாரக்கணக்கில் தீவிர சிகிச்சையில் இருந்தால் பில் எங்கேயோ போய் நிற்கும். ஆனால் பாக்கிக்காகப் பிள்ளையின் மூச்சுக்குழாயை ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்குவது இங்கே நடக்காது. குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ள குழந்தை என்றால் மெடிஷீல்ட் லைஃப் என்கிற அரசாங்க மருத்துவ இன்ஷூரன்ஸ் பிறந்த நாளிலிருந்தே உண்டு, குறைமாதம் என்று ஒதுக்க மாட்டார்கள். குடியுரிமை இருந்தால் மெடிசேவ் என்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் 4,000 வெள்ளியும் போடுகிறார்கள், அதற்கும் மேலே முடியாதவர்களுக்கு மெடிஃபண்ட் என்கிற அரசாங்க உதவி நிதி இருக்கிறது. ஆகவே ‘குறைமாதம், அதனால் இன்ஷூரன்ஸ் இல்லை’ என்று சிங்கப்பூர்ப் பிள்ளைக்குச் சொன்னால் அதே இடத்தில் சந்தேகப்படுங்கள்.

கொடுப்பதாக இருந்தால் ஆள் கையில் கொடுக்காமல் பில்லில் கட்டுங்கள். பில் நம்பரைக் கேட்டு மருத்துவமனையில் நேராகக் கட்டலாம். நிஜக் குடும்பம் நம்பரைத் தயங்காமல் கொடுக்கும், சோஷியல் வொர்க்கரிடம் உங்களைப் பேசவும் வைக்கும். பேநவில் சொன்ன பெயர் வராவிட்டால், என்ன காரணம் சொன்னாலும் சரி, அனுப்பாதீர்கள்.

27 பேருக்கும் நான் திருப்பித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சிலர் வேண்டாம் என்றார்கள், நான் விடவில்லை. போன ஞாயிறு லிட்டில் இந்தியா தேக்காவில் ஒரு தம்பியிடம் அவன் கொடுத்த பணத்தை நீட்டினேன். வாங்கி, மடித்து, பையில் வைத்துக்கொண்டு, ‘அக்கா, கோவிச்சுக்காதீங்க, இனிமே யார் கேட்டாலும் குடுக்க மாட்டேன்’ என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கோப்பி வாங்கிக் கொடுத்தேன், குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

பதினோரு பேருக்குக் கொடுத்தாயிற்று. மீதிப் பதினாறு பேருக்குச் சம்பளம் வந்ததும்.