கோழிக்கு நோவு வந்தால்: அஞ்சறைப் பெட்டியா, மருந்துக்கடையா, மாட்டாஸ்பத்திரியா?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கோழி தலையைத் தொங்கப் போட்டு நின்றால் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. மஞ்சளும் சீரகமும் அரைத்து உருட்டிப் போடு என்பார் ஒருவர். எல்லையில் கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுப் பொள்ளாச்சி போய் மருந்துக்கடையில் ஒரு பாட்டில் வாங்கி வா என்பார் இன்னொருவர். மிருகாசுபத்திரிக்குக் கொண்டு போ என்று சொல்பவர் அபூர்வம். "எதுக்குக் கண்ணு இந்தப் பாடு, இன்னைக்கே அறுத்துட்டாக் கறியாவது மிஞ்சும்" என்பவர்கள்தான் அதிகம்.

இந்தக் கடைசி யோசனையை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. செவலை என்று கூப்பிட்டால் வேலியோரத்திலிருந்து ஓடி வரும் கோழியை, மடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளும் கோழியை, நோவு வந்த அன்றைக்குக் கறியாகப் பார்க்க முடியாது. போதாததற்கு, நோவுக் கோழியை அறுக்கும் கைக்கும் அது நல்லதல்ல. ஆகவே போட்டி மூன்றுக்கு நடுவில்தான்.

மூன்றில் எதை எடுத்தாலும் முதல் நாள் வேலை ஒன்றுதான். கோழி தன் நோவை மறைக்கும். கூட்டத்தில் இளைத்தது தெரிந்தால் மற்றவை கொத்தும், பருந்தும் நாயும் குறி வைக்கும். நம் கண்ணில் படுவதற்குள் நோவு பாதி வழி வந்திருக்கும். அதனால் உடனே தனியாகப் பிரித்து, உலர்ந்த வைக்கோல் போட்ட அட்டைப் பெட்டியில் விடவேண்டும். கோழியின் உடம்புச் சூடு இயல்பிலேயே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். நோவில் அந்தச் சூட்டைக் காப்பாற்ற அதற்குத் தெம்பு போதாது. பெட்டியின் ஒரு மூலைக்கு மட்டும் பல்பு வெளிச்சம் படட்டும். சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள மறுபக்கம் இருக்கவேண்டும். தீனியைவிடத் தண்ணீர் அவசரம்.

அடுத்தது, கையால் பார்ப்பது. காலையில் தீனி வைக்குமுன் கழுத்தடியில், சற்றே வலப்பக்கமாக, தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். ராத்திரி முழுக்கச் செரித்துக் காலியாக இருக்கவேண்டிய இடம் அது. பிசைந்த மாவு மாதிரி கெட்டியாக இருந்தால் அடைப்பு. தளதளவென்று, வாயில் புளிச்ச வாடையும் வந்தால் உள்ளே புளித்துப்போயிருக்கிறது. நெஞ்செலும்பு கத்தி போலக் கையில் குத்தினால் நோவு இன்று வந்ததல்ல. எச்சத்தின் மேல் வெள்ளைத் தொப்பி இருப்பது இயல்பு; பச்சையாகத் தண்ணீராகப் போனாலோ ரத்தம் கலந்திருந்தாலோ இயல்பல்ல. கொண்டை நீலம் பாய்ந்திருக்கிறதா, மூச்சில் கறகறப்பு இருக்கிறதா? தினமும் தூக்கி வைத்துக் கொஞ்சுகிறவருக்கு இந்த மாற்றமெல்லாம் கைக்கே தெரியும். ஆயிரக்கணக்கில் வளர்க்கும் பண்ணைக்கு இல்லாத வசதி இது.

இனி கை வைத்தியம். இதை ஏளனமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே மரபுவழி மூலிகை வைத்தியத்தைச் சொல்லிக்கொடுக்கிறது. வெளிக்காயம், பேன், அம்மை இவற்றுக்கு அஞ்சறைப் பெட்டியும் வேப்பமரமும் நன்றாகவே கைகொடுக்கும். கோழி அம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். வைரஸால் வருவது, கொசுவால் பரவுவது. வைரஸைக் கொல்லும் மருந்து கடையிலும் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை. கொண்டையிலும் தாடியிலும் கண்ணோரத்திலும் வரும் பொருக்கு சில வாரங்களில் தானே காய்ந்து உதிரும். அதுவரை கோழி பட்டினியால் சாகாமல் பார்ப்பதுதான் வைத்தியம். இமை வீங்கி ஒட்டிக்கொண்டால் தீனி தெரியாது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, கண்ணின் மேல் வைத்து, ஊறவிட்டு மெதுவாகத் துடைக்கவேண்டும். பிறகு கையில் குருணையை வைத்து, அலகை அதில் முட்டக் காட்டவேண்டும். வேப்பிலையும் மஞ்சளும் துளசியும் அரைத்த விழுதைப் பொருக்கின்மேல் தடவலாம், கண்ணுக்குள் படாமல். பொருக்கைப் பிய்க்கவே கூடாது. ரத்தம் வருவதோடு அந்தப் பொருக்கிலேயே வைரஸ் இருக்கிறது. இத்தனை பொறுமை எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது, வீட்டில்தான் கிடைக்கும். வாய்க்குள் மஞ்சள் படலம் கட்டி, கழுத்தை நீட்டி மூச்சு வாங்க ஆரம்பித்தால் மட்டும் வீட்டு வைத்தியம் அங்கே முடிந்தது என்று வையுங்கள்.

ராணிக்கெட் என்றும் சொல்லும் வைரஸ் நோயான வெள்ளைக் கழிச்சலில் கதை வேறு. கீழாநெல்லி, மிளகு, சீரகம், பூண்டு என்று உருண்டை கொடுப்பார்கள். கோழி கொஞ்சம் தீனி எடுக்க அது உதவலாம். வைரஸை நிறுத்தும் என்று நம்பிக் காத்திருந்தால் கோழிக்கூடே காலியாகிவிடும். கழுத்து முறுக்கிக்கொள்வது, கால் இழுப்பது, பச்சைக் கழிச்சல் இவை தெரிந்தால் உருண்டையோடு நிற்கக் கூடாது.

மருந்து ஊட்டும் விதத்தாலேயே செத்த கோழிகள் உண்டு. நாக்குக்குச் சற்றுப் பின்னால் சின்னப் பிளவாகத் தெரிவது மூச்சுக்குழல் வாய். அலகைப் பிளந்து சங்கில் ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போகும். அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, அது விழுங்கும்வரை பொறுக்கவேண்டும். தீனிப்பை அடைப்புக்குத் தேங்காய் எண்ணெய் கொடுத்துத் தடவிவிடுவது சரி. தலைகீழாகப் பிடித்து உதறிக் கக்க வைப்பது பேராபத்து.

மருந்துக்கடைக்கு வருவோம். மூன்றில் அதிகம் பேர் போவது இங்கேதான்; எனக்கு மிகக் குறைவாக நம்பிக்கை உள்ளதும் இதில்தான். ராத்திரி எட்டு மணிக்கும் திறந்திருக்கும், வரிசை கிடையாது. ஆனால் கோழியை யாரும் பார்ப்பதில்லை. "சளியா, கழிச்சலா?" என்ற ஒரே கேள்வியில் என்ரோஃப்ளாக்சசின் பாட்டிலோ டெட்ராசைக்ளின் பொடியோ, ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் கைக்கு வந்துவிடும். தும்மல் என்றால் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவால் வரும் சளி நோவாக இருக்கலாம், முகம் வீங்கி நாற்றமடிக்கும் கோரைசா என்ற இன்னொரு சளி நோவாக இருக்கலாம், வெள்ளைக் கழிச்சலின் ஆரம்பமாக இருக்கலாம், நனைந்த கூட்டின் அம்மோனியா நெடியாகக்கூட இருக்கலாம். ஒரே பாட்டில் நாலுக்கும் எப்படிப் பொருந்தும்? அமெரிக்காவில் கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசின் கொடுப்பதை 2005-இலேயே தடை செய்துவிட்டார்கள். இந்தியாவில் 2019-இல் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான விலங்குகளுக்குத் தடை செய்தார்கள். காரணம் ஒன்றே: கோழிக்குள் பழகிப்போன கிருமி மனிதனுக்கு வரும்போது மருந்துக்கு மசிவதில்லை. கேரளத்தில் 2024-இல் ஆபரேஷன் அம்ரித் என்று கடைகளில் சோதனை தொடங்கிய பிறகு, சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்குவது கடினமாகிவிட்டது. இங்கே கிடைக்காததை அங்கே தேடி எல்லை தாண்டுகிறோம். சீட்டு வேண்டும் என்ற சட்டம் இரு பக்கமும் ஒன்றுதான்.

கடையில் வாங்கத் தகுந்தவையும் இருக்கின்றன. காயத்துக்குப் போவிடோன் அயோடின், தோல் முட்டை இடும் கோழிக்குக் கால்சியம், வெயிலில் துவண்டதற்கு உப்புச்சத்துப் பொடி, பி-காம்ப்ளெக்ஸ். ஒரு எச்சரிக்கை: குஞ்சுகளின் ரத்தக் கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் கொடுக்கும்போது தெம்புக்கென்று பி-காம்ப்ளெக்ஸையும் சேர்த்துக் கலக்காதீர்கள். அந்த மருந்து வேலை செய்வதே கிருமிக்கு பி1 வைட்டமின் போய்ச் சேராமல் தடுத்துத்தான். கூடவே அதையே ஊட்டினால் மருந்து வீண். அதோடு, எந்த மருந்து கொடுத்தாலும் எத்தனை நாள் முட்டையைத் தின்னக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். கடையில் அதை யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

மாட்டாஸ்பத்திரியின் குறைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. காலை நேரம்தான் தோது. மாடு வந்தால் மாட்டுக்குத்தான் முதலிடம். ஆட்டோ வாடகை கோழி விலையைத் தாண்டும். "ஒரு கோழிக்கா வந்தீங்க?" என்று பக்கத்து பெஞ்சில் இருப்பவர் கேட்பார். ஆமாம், ஒரு கோழிக்குத்தான். அதைச் சொல்லக் கூச்சப்படவே வேண்டாம். டாக்டரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இது கறிக்கோ விற்கவோ அல்ல, பிள்ளை மாதிரி வளர்ப்பது, பிழைக்க வைக்கப் பார்க்கிறோம் என்று. சொல்லாவிட்டால், கழித்துவிடுவதே லாபம் என்று பண்ணைக் கணக்கில் பதில் வரக்கூடும்.

எச்சத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, ரத்தக் கழிச்சலா குடற்புழுவா என்று சொல்ல அங்கேதான் முடியும். எடைக்கேற்ற மருந்தளவும் அங்கேதான். துளையிட்ட பெட்டியில் கோழி, தாளில் மடித்த புது எச்சம், கழுத்து முறுக்கியதையோ மூச்சு வாங்கியதையோ போனில் எடுத்த வீடியோ, இவற்றோடு போனால் டாக்டருக்கு வேலை பாதி குறையும். வண்டி வசதி இல்லாதவர்கள் 1962-க்கு அழைக்கலாம். நடமாடும் கால்நடை மருத்துவத்துக்கு இரு மாநிலத்திலும் அதே எண்தான். பெரிய சிக்கல் என்றால் நம் பக்கம் மண்ணுத்தி, அந்தப் பக்கம் உடுமலைப்பேட்டை, இரண்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஒரு நிலைமையில் மூன்றுக்கும் போட்டியே கிடையாது. நேற்று வரை நன்றாக இருந்த கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திடீரெனச் சாகின்றன, கொண்டையும் காலும் நீலம் பாய்ந்திருக்கின்றன என்றால் அது பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். ஆலப்புழையில் 2014-இல் வந்தது, 2021-இலும் 2024-இலும் வந்தது. அப்போதெல்லாம் எல்லையிலுள்ள வாளையாறு சோதனைச் சாவடியில் வண்டிகளுக்கு மருந்து தெளிப்பதைப் பார்த்திருக்கிறோம். அப்படிச் சந்தேகம் வந்தால் கோழியைத் தூக்கிக்கொண்டு எங்கும் அலையாதீர்கள், அறுக்காதீர்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் நலமாக இருக்கும் கோழிகளையும் அழிப்பார்கள், பேர் வைத்து வளர்த்ததையும் விடமாட்டார்கள். இது தெரிந்துதான் பலர் சத்தமில்லாமல் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் வீட்டில் நடந்தால் நான் போனை எடுப்பேன். மனிதருக்கும் தொற்றக்கூடிய நோய் அது, செவலையை மடியில் வைத்துக்கொள்வது எங்கள் வீட்டுக் குழந்தைதான்.

என் தீர்ப்பு இதுதான்: தோலுக்கு மேலே தெரியும் நோவுக்கு வீடு, மூச்சு, நரம்பு, ரத்தக் கழிச்சல் மூன்றுக்கும் ஆஸ்பத்திரி, மருந்துக்கடைக்கு டாக்டர் சீட்டோடு மட்டும். வெள்ளைக் கழிச்சலுக்கு இந்த மூன்றுமே பிந்தியவை, தடுப்பூசிதான் வழி. குஞ்சு பொரித்து ஒரு வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வார வாக்கில் ஊசி. தமிழ்நாட்டுப் பக்கம் பிப்ரவரியில் இதற்கான கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடக்கும். இந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் கேட்டு வைக்கவேண்டும். சிக்கல் என்னவென்றால் ஒரு குப்பியில் நூறு கோழிக்கும் மேல் போடலாம், கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடவேண்டும். நாலு கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்கினால் மிச்சமெல்லாம் வீண். அதனால் தெருவே சேர்ந்து ஒரு நாளைக் குறித்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் குப்பியை வாங்கி வந்து, வெயில் ஏறுமுன் வீடு வீடாகப் போடுவது நல்லது. முந்தின நாள் சாயங்காலமே கோழிகளைக் கொடாப்பில் அடைத்து வையுங்கள். காலையில் துரத்திப் பிடிக்கிற நேரத்தில் மருந்து வீரியம் இழந்துவிடும்.