கல்லடைப்பு: எலுமிச்சையா, சிட்ரேட் மருந்தா?

செங்கோட்டை, புளியரைப் பக்கம் கல்லடைப்பில் துடித்து மீண்டவர்கள் கேட்கும் கேள்வி இது. இரண்டிலும் வேலை செய்வது சிட்ரேட்தான். சிறுநீரில் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு கல் திரளவிடாது.

செலவு: எலுமிச்சை சந்தையில் கிடைக்கிறது. சிட்ரேட் மருந்தை, அதாவது பொட்டாசியம் சிட்ரேட்டை, மாதக்கணக்கில் வாங்க வேண்டும்.

பலன்: 120 மில்லி சாற்றை 2 லிட்டர் தண்ணீரில் கலந்து நாள் முழுக்கக் குடித்தால் மிதமான உதவி, அதில் தண்ணீரின் பங்கு பெரிது. மருந்து சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்து யூரிக் அமிலக் கல்லைக் கரைக்கவும் செய்யும்.

ஆபத்து: சாறு பல்லை அரிக்கும், நெஞ்செரிச்சல் தரும். மருந்தின் ஆபத்து பெரிது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், சில ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். பக்கத்து வீட்டில் மிஞ்சிய பாட்டிலை வாங்கிக் குடிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

மளிகைக்கடை சிட்ரிக் அமிலத் தூள் எதற்கும் மாற்றாகாது.

ஒருமுறை வந்த சிறு கால்சியம் ஆக்சலேட் கல்லுக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தால், எலுமிச்சையும் தண்ணீரும். திரும்பத் திரும்ப வந்தால், பரிசோதனையுடன் மருந்து. சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் 2 லிட்டர் தண்ணீரைக்கூட டாக்டரிடம் கேட்டே குடிக்க வேண்டும்.