டிரம் தண்ணீரில் கலக்கும் பிடிஐ கொசுமருந்து: வாங்கலாம், தேய்க்கிற பிரஷ்ஷையும் சேர்த்து

அம்மாபேட்டைப் பக்கம் எங்களுக்குத் தினமும் மேட்டூர் தண்ணீர் வருவதில்லை. வாசலில் டிரம், பின்னால் சிமெண்ட் தொட்டி என்று பிடித்து வைத்தால்தான் பிழைப்பு ஓடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதும் இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான், அதுவும் பகலில் கடிக்கிற கொசு, தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டால் கணுக்காலைக் காட்டுவார்கள். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து அபேட் என்கிற ரசாயனப் புழுக்கொல்லியை ஊற்றிவிட்டுப் போனால், வாடை பிடிக்கவில்லை என்று அன்றைக்கே தண்ணீரைக் கொட்டிவிடுகிற வீடுகளும் உண்டு. அதனால்தான் பிடிஐ (Bti) என்கிற பாக்டீரியாத் தூள் வாங்கினேன்.

கடையில் கேட்டதுமே, "அது எதுக்குங்க, புகை மருந்து தரேன், அடிச்சா போதும்" என்றார். புகை பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும், டிரம்முக்குள் நெளிகிற புழுவை ஒன்றும் செய்யாது. பிடிஐ அந்தப் புழுவுக்கான மருந்து. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு குட்டையில் கண்டுபிடித்த பாக்டீரியா இது, நம் பக்கத்தில் புதுச்சேரியில் இருக்கும் கொசு ஆராய்ச்சி மையமும் இதில் வேலை செய்திருக்கிறது. புழு தின்றால் குடல் சிதைந்து செத்துவிடும். மனிதருக்கும் ஆடு மாடுக்கும் மீனுக்கும் தொந்தரவில்லை. குடிநீர்ப் பாத்திரங்களில் போடுவதற்கென்றே உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட வகைகளும் இருக்கின்றன, குடிக்கிற தண்ணீர் என்றால் அந்த வகைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

சாயங்காலம் கரைத்து ஊற்றினேன், மறுநாள் டார்ச் அடித்துப் பார்த்தால் புழுவெல்லாம் அடியில் கறுத்துக் கிடந்தது. ஆனால் கமா மாதிரி வளைந்த கூட்டுப்புழுக்கள் மட்டும் டிரம்மைத் தட்டினதும் குட்டிக்கரணம் போட்டு ஓடின. மருந்து போலி என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதனால் சாகாது, இரண்டொரு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். பழைய வேட்டியில் வடிகட்டி அதை வெயிலில் கொட்டுங்கள். அப்புறம் முக்கியமான விஷயம், முட்டைகள் தண்ணீருக்குச் சற்று மேலே டிரம்மின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் ஏறினால் பொரிக்கும். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டு அழுத்தித் தேய்க்காமல் தூளை மட்டும் போட்டால் காசுக்குத்தான் கேடு.

குறை என்று பார்த்தால், பாக்கெட்டில் ஒரு வரி தமிழ் இல்லை. அளவை ஹெக்டேர் கணக்கில் போட்டிருக்கிறார்கள், டிரம் வைத்திருப்பவர் அதை வைத்து என்ன செய்வது? வெயில் படுகிற தொட்டியில் வீரியம் சீக்கிரம் குறைகிறது, மூடி போட்ட டிரம்மில் நன்றாக நிற்கிறது. தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள், வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள். பாக்கெட்டும் ஒரு வீட்டுக்கு ரொம்பப் பெரிது, நாங்கள் பக்கத்து வீடுகளோடு பங்கு போட்டுக்கொண்டோம்.