டெக்ஸா ஸ்கேன்: பரிசோதனை நன்று, அறிக்கை அரைகுறை

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. எனக்கு 43 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிட்டது. இரண்டுமே, எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய்க்கான அபாயக் காரணிகள் என்பதால், குதிகாலை மட்டும் அல்ட்ராசவுண்டில் அளந்து "இயல்பு" என்று ஒரு முகாமில் தந்த சீட்டை மருத்துவர் ஏற்காமல், எலும்பு அடர்த்தியை எக்ஸ்ரே மூலம் அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த டி-ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரி அடர்த்தியிலிருந்து நம்முடையது எவ்வளவு விலகுகிறது என்னும் எண்) வரம்புகளைக் குதிகால் அளவீட்டுக்குப் பொருத்த முடியாது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பரிசோதனையில் குறை சொல்ல ஏதுமில்லை. காலையில் கால்சியம் மாத்திரை விழுங்கினேனா, அண்மையில் மருந்து செலுத்தி வேறு ஸ்கேன் எடுத்தேனா என்று கேட்ட பிறகே ஸ்கேன் மையத்தின் பெண் ஊழியர் என்னைப் படுக்கவைத்தார். உயரத்தையும் நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளாமல் தாமே அளந்தார். குகை போன்ற இயந்திரத்துக்குள் நுழைய வேண்டியதில்லை; கதிர்வீச்சும் மார்பு எக்ஸ்ரேயைவிடக் குறைவு.

அறிக்கைதான் ஏமாற்றியது. முதல் பக்கத்தில் முதுகெலும்பின் சராசரி டி-ஸ்கோர் -0.6 என்றும், அதை வைத்து "இயல்பு" என்றும் அச்சிட்டிருந்தார்கள். உள்ளே புரட்டினால், கீழ்முதுகு முள்ளெலும்புகளில் முதல், இரண்டாம், நான்காம் எலும்புகள் -1.2-ஐ ஒட்டியிருக்க, மூன்றாவது மட்டும் +1.3 காட்டியது. மூட்டுத் தேய்மானத்தால் அங்கே வளர்ந்த எலும்பு முடிச்சுகள் அடர்த்தியைப் பொய்யாக உயர்த்தியிருந்தன. (எலும்புப்புரையையும் "தேய்மானம்" என்றே பலர் சொல்வதால் இரண்டும் ஒன்றெனத் தோன்றலாம்; இது வேறு.) பக்கத்து எலும்புகளிலிருந்து ஒரு புள்ளிக்கு மேல் விலகும் எலும்பைக் கணக்கிலிருந்து நீக்குவது வழக்கம், அதைச் செய்யவில்லை. அதைவிட, தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் பதிவான -2.1 முடிவுரையில் இடம்பெறவேயில்லை. -1-க்கும் -2.5-க்கும் இடைப்பட்டது அடர்த்திக் குறைவு, -2.5-உம் அதற்குக் கீழும் எலும்புப்புரை என்பதே வரையறை. அளந்த இடங்களில் மிகக் குறைந்ததையே நோயறிதலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவர் எழுதிக் கேட்டதும் இரண்டு நாளில் திருத்திய அறிக்கை வந்தது. பெற்றோரின் இடுப்பு முறிவு, ஸ்டீராய்டு மருந்து, புகைப்பழக்கம் முதலியவற்றையும் சேர்த்துப் பத்தாண்டு முறிவு அபாயத்தைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் மதிப்பீடு அதிலும் இல்லை, மருத்துவரே கணக்கிட்டார்.

இத்தனைக்கும் பிறகு, அடுத்த ஸ்கேனுக்கும் அங்கேயே செல்வேன்: வேறு இயந்திரத்தில் எடுத்த எண்ணை இந்த -2.1-உடன் நேரடியாக ஒப்பிட முடியாது.