குழந்தைத் திருமுழுக்கா, விசுவாச ஞானஸ்நானமா?

தண்ணீரால் ஒருவரைக் கிறிஸ்தவராக்கும் சடங்குக்கு, சிங்கப்பூர் ஓஃபிர் ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயத்தில் பெயர் திருமுழுக்கு. ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் சபையில் ஞானஸ்நானம். பெயர்தான் வேறு, இரண்டு இடத்திலும் கைக்குழந்தைக்கும் கொடுப்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகளிலோ விவரம் தெரிந்த பிறகு, தானே கேட்டு, தண்ணீரில் முழுவதுமாக முங்கி எழ வேண்டும்.

குழந்தைக்குக் கொடுக்கும்போது கடவுளின் அருள் முந்திக்கொள்கிறது. குழந்தை எதையும் சாதிக்கவில்லை, வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். வளர்ந்தபின் தன் வாயாலேயே விசுவாசத்தைச் சொல்லும். அப்புறம் பிரியாணி விருந்து. சில வீடுகளில் அது மட்டும்தான் நினைவில் நிற்கிறது!

முங்கி எழும் முழுக்கிலோ பைபிளின் ரோமர் 6:4 கண்ணுக்கே தெரிகிறது: கிறிஸ்துவோடு அடக்கம், கிறிஸ்துவோடு புது வாழ்வு. நெற்றியில் தண்ணீர் ஊற்றும்போது அந்தக் காட்சி அவ்வளவு துலக்கமாக இல்லை. இந்துக் குடும்பத்திலிருந்து வருகிறவரோ, அம்மா முகம் கொடுத்துப் பேசாமல் போகலாம் என்று தெரிந்தே தண்ணீரில் இறங்குகிறார்.

சிக்கலெல்லாம் சபை மாறும்போதுதான். பெந்தெகொஸ்தே சபையில் "மறுபடி எடு" என்பார்கள். ஊரிலிருக்கும் பாட்டிக்கோ, "அப்போ நாங்க கொடுத்தது செல்லாதா?" என்று மனம் நோகும். தண்ணீரும், பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவப் பெயரும் இருந்திருந்தால் கத்தோலிக்கர் மறுபடி கொடுப்பதில்லை. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஆனாலும், தானே கேட்டு ஈரத்தோடு நிற்கும் இருபது வயதுப் பிள்ளையைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைதான். என் ஞானஸ்நானத்தை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.